ஏழைக்கு எதற்கு ஆர்க்கிடெக்சர்?

"ஏழைக்கு எதுக்குங்க ஆர்க்கிடெக்சர்? ஒழுகாத கூரை இருந்தா போதாதா?"

இந்தக் கேள்வியை மூன்று வகை ஆட்கள் கேட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் வகை, கான்ட்ராக்டர்கள். அவர்கள் கேட்பதில் ஆச்சரியமில்லை, பிழைப்பு அது. இரண்டாவது வகை, தொண்டு நிறுவனங்களில் வேலை பார்க்கும் நல்ல மனசுக்காரர்கள். நிஜமான வருத்தத்தோடுதான் கேட்பார்கள். மூன்றாவது வகையோடுதான் எனக்குச் சண்டை. அது நாம். ஜெஃப்ரி பாவாவின் லுனுகங்கா படத்தைப் பகிர்வோம். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் வெயில் விழும் நேரம் பார்த்து நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம். கட்டிடக்கலை பற்றி நல்ல ஆவணப்படம் வந்தால் ஒரே ராத்திரியில் பார்த்து முடிப்போம். ஆனால் ஊருக்கு வெளியே வரிசையாக நிற்கும் தொகுப்பு வீடுகளைப் பஸ் ஜன்னல் வழியே பார்க்கும்போது நமக்கு அது கட்டிடக்கலை என்றே உறைக்காது. அது 'திட்டம்'. அதற்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. விமர்சனம் கிடையாது.

அந்தக் கேள்வியை நாம் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் ஊர் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 காலையில் வந்த சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இறந்துபோனார்கள். அடுத்த சில வருடங்களில் இந்தக் கடற்கரை நெடுக ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டன. உலகம் முழுக்க இருந்து பணம் வந்தது. எந்த ஊரை யார் 'தத்தெடுப்பது' என்று தொண்டு நிறுவனங்களுக்குள் போட்டியே நடந்தது. ஏழைகளுக்கு ஏன் நல்ல கட்டிடம் கிடைப்பதில்லை என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில், 'காசு இல்லை'. நாகப்பட்டினத்தில் அந்தப் பதில் செல்லாது. காசு இருந்தது, அனுதாபம் இருந்தது, பத்திரிகைகளின் கண்ணும் இருந்தது. அப்படியும் கிடைத்தது என்ன என்பதைத்தான் பேசப்போகிறேன். அதற்கு முன் ஒரு டச்சுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

டச்சுக்காரர்கள் எங்கள் ஊருக்குப் புதியவர்கள் அல்ல. 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகையைப் பிடித்தார்கள். 1690இல் சோழமண்டலக் கரைக்கான தலைமையகத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். வியாபாரத்துக்கு வந்தவர்கள், பீரங்கியோடு கோட்டை கட்டினார்கள். நான் சொல்லப்போகும் டச்சுக்காரர் இங்கே ஒரு செங்கல்லைக்கூட வைத்ததில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் நடந்ததைப் புரிந்துகொள்ள அவர் கட்டியவற்றைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

* * *

ஆல்டோ வான் ஐக். 1918இல் பிறந்து 1999இல் இறந்தவர். 1990இல் பிரிட்டனின் அரச கட்டிடக் கலைஞர்கள் கழகம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. சரி, இவ்வளவு பெரிய ஆளுக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டிடங்கள் எவை? தெருப்பிள்ளைகள் விளையாட இடங்கள். ஓர் அனாதை இல்லம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கு ஒரு விடுதி. இந்தப் பட்டியலை ஒருமுறை படித்தாலே நம் முதல் கேள்வி ஆட்டம் காண வேண்டும்.

1946இல் அவர் ஆம்ஸ்டர்டாம் நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்தார். போர் முடிந்த கையோடு இருந்த நகரம். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் எரிக்க விறகில்லாமல், நாஜிகள் நாடுகடத்திய யூதர்களின் ஆளில்லாத வீடுகளிலிருந்து உத்தரங்களையும் படிகளையும் பெயர்த்து எடுத்திருந்தார்கள். வீடுகள் சரிந்து, தெருக்களின் நடுவே பல் விழுந்தது மாதிரி காலி மனைகள். வான் ஐக் அப்படிப்பட்ட மனைகளையும், தெருமுனைகளையும், யாரும் கவனிக்காத சதுக்கங்களையும் எடுத்துப் பிள்ளைகளின் விளையாட்டு இடங்களாக மாற்றினார். முதலாவது 1947இல், பெர்டெல்மான்ப்ளைன் என்ற சதுக்கத்தில். 1978 வரை எழுநூறுக்கும் மேல்.

அவற்றில் இருந்தவை மிகச் சில பொருட்கள். காங்கிரீட் விளிம்பு வைத்த மணல்தொட்டி, குட்டிக்கரணம் அடிக்கக் கம்பிகள், தாவிப் போகக் குட்டைக் கட்டைகள், ஏறி உட்காரக் கம்பியால் ஆன அரைக்கோளம். யானைச் சறுக்கு இல்லை, டிராகன் ஊஞ்சல் இல்லை. வேலியும் இல்லை. கம்பி என்ன என்பதைப் பிள்ளையே தீர்மானித்துக்கொள்ளும்: இன்றைக்குக் கப்பல், நாளைக்குக் கடை. பெரியவர்கள் அந்தக் கட்டையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். இதில் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் வேறு. பக்கத்துத் தெருவில் ஒன்று வந்ததைப் பார்த்த ஜனங்கள், எங்கள் தெருவுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். ஆட்கள் வந்து இடத்தைப் பார்த்து, அந்த இடத்தின் மூலைக்கும் முடுக்குக்கும் ஏற்ப வரைந்தார்கள். அதே நாலு பொருட்கள்தான், ஆனால் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி.

1960இல் முடிந்த அனாதை இல்லம்தான் அவரை உலகம் அறிய வைத்தது. 125 பிள்ளைகள், கைக்குழந்தை முதல் இருபது வயது வரை. ஒரே பெரிய மண்டபத்தில் வரிசைக் கட்டில் போட்டு முடித்திருக்கலாம். அவர் எட்டு அலகுகளாகப் பிரித்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் காங்கிரீட் குவிமாடங்கள், அலகுக்கு ஒன்றாக எட்டுப் பெரிய குவிமாடங்கள், நடுநடுவே முற்றங்கள். பார்க்க ஒரு சின்ன ஊர் மாதிரி இருக்கும். வீடு ஒரு சின்ன ஊர், ஊர் ஒரு பெரிய வீடு என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து.

அந்தக் கட்டிடத்தில் நுழைவதைத்தான் அவர் மிகவும் யோசித்திருக்கிறார். தெருவிலிருந்து நேராகப் படுக்கையறைக்குள் போய்விட முடியாது. தெரு, முற்றம், உள்தெரு, அலகின் வாசல், அதற்குப் பிறகுதான் அறை. உள்தெருவின் சுவர் வெளிச்சுவரைப் போலவே சொரசொரப்பானது, விளக்குகளும் தெருவிளக்கு மாதிரி. உள்ளேயா வெளியேயா என்று சொல்ல முடியாத இடம். அங்கங்கே தாழ்வான திட்டுகள், வட்டப் படிகள், குழந்தையின் உயரத்தில் பதித்த சின்னக் கண்ணாடிகள். அப்பா அம்மாவை இழந்த பிள்ளையை ஒரே தள்ளாகத் தள்ளி ஒரு நிறுவனத்துக்குள் போட்டுவிடக் கூடாது என்று ஒருவர் வரைபடத்தில் யோசித்திருக்கிறார். இதைச் செல்லம் என்பீர்களா, ஆடம்பரம் என்பீர்களா?

எழுபதுகளில் அவர் வடிவமைத்த ஹூபெர்டஸ் விடுதியிலும் இதே கவனம். பழைய வீடுகளின் வரிசையில் ஒரு நிறமயமான கட்டிடம். தாய்மார்கள் பிள்ளைகளோடு ஒளிந்துகொள்ள வேண்டிய இடம் மாதிரி அது இல்லை. தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது.

உள்ளுக்கும் வெளிக்கும் இடைப்பட்ட இந்த இடத்தைப் பற்றித்தான் வான் ஐக் வாழ்நாள் முழுக்கப் பேசினார், எழுதினார், மற்றக் கட்டிடக் கலைஞர்களோடு மல்லுக்கு நின்றார். அவருடைய சகாக்கள் அதற்குப் பெயர் தேடி அலைந்தார்கள். எங்கள் டெல்டாவில் அதற்குப் பெயர் பஞ்சமே இல்லை. வாசல், திண்ணை, நடை, ரேழி, தாழ்வாரம், முற்றம், கொல்லை. சொல் இவ்வளவு இருந்த ஊரில்தான் அடுத்து வருவது நடந்தது.

* * *

2005 மார்ச்சில் தமிழக அரசு சுனாமி வீடுகளுக்கான கொள்கையை வெளியிட்டது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் புது வீடு வாங்கிக்கொள்ளலாம். பதிலுக்குப் பழைய இடத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். வேண்டாம் என்றால் அங்கேயே இருக்கலாம், உதவி கிடையாது. ஒரு வீட்டுக்கு உத்தேசமாக 325 சதுர அடி, ஒன்றரை லட்ச ரூபாய். தட்டைக் காங்கிரீட் கூரை. நிலம் அரசு தரும். தொண்டு நிறுவனங்கள், பெரும்பாலும் கான்ட்ராக்டர்களை வைத்து, கட்டித் தரும்.

கட்டம் போட்டுத்தான் வரைந்தார்கள். கட்டம் போட வேண்டுமென்றால் நிலம் வெறுமையாக இருக்க வேண்டும். இருந்த மரத்தை வெட்ட வேண்டும். சுனாமிக்குப் பின் இங்கே ஆய்வு செய்த மானுடவியலாளர் ஜெனிஃபர் டுயின் பாரென்ஸ்டைன் இரண்டு விஷயங்களைப் பதிவு செய்திருக்கிறார். புது வீட்டுக்கு இடம் பண்ண மரங்கள் வெட்டப்பட்டன. சுனாமியில் சேதமே ஆகாத பழைய வீடுகளும் பல ஊர்களில் இடிக்கப்பட்டன. கடல் விட்டுவைத்ததை நிவாரணம் எடுத்துக்கொண்டது.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். பயனாளர் யாரென்று தெரியாமலே ஸ்பெக் எழுதப்பட்ட புராஜெக்ட்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகும், ஒருவரும் உபயோகிக்க மாட்டார்கள். சுனாமி வீட்டின் ஸ்பெக் அந்த ஜாதி. கூடம் ஒன்று, படுக்கையறை ஒன்று, சமையலறை, கழிப்பறை. குமாஸ்தா குடும்பத்துக்குப் போட்ட கணக்கு. மீன்பிடிக் குடும்பத்தின் வலை அந்தக் கணக்கில் இல்லை. ஐஸ்பெட்டி இல்லை. அன்னக்கூடை இல்லை. கருவாடு காயப்போட மணலும் நிழலும் இல்லை. வலையைப் பிரித்துப் போட்டு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கிழிசல் பார்க்க எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒருவராவது அளந்திருந்தால், வீட்டின் முன்பக்கம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

சூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டுச் சாயங்காலத்திலிருந்து வீட்டுக்குள் கக்கும், இது பாலிடெக்னிக் பாடம். இதைவிட முக்கியமானது, அந்தக் கூரைக்கு அடியில் யார் எப்போது தூங்குகிறார் என்பது. விடியுமுன் கடலுக்குப் போய்த் திரும்புகிறவர் பகலில்தான் தூங்குகிறார். உச்சி வெயிலில், மரம் வெட்டப்பட்ட மனையில், தட்டைக் கூரைக்குக் கீழே. வரைந்தவருக்கு இந்தத் தூக்கம் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் ஏதாவது ஒரு குப்பத்துக்கு வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்காற்றின் உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, கம்பியைவிடப் பருமனானது. உள்ளிருந்து வீங்கிக் காரையைப் பெயர்த்துத் தள்ளும். இதற்காகத்தான் காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி, ஐஎஸ் 456, கடலோரத்தில் கலவை கெட்டியாகவும் கம்பிக்கு மேலான மூடல் தடிப்பாகவும் இருக்க வேண்டும் என்கிறது. நான் நடந்து பார்த்த குடியிருப்பு ஒன்றில் கூரையின் அடிப்பாகத்தில் கம்பி விலா எலும்பு மாதிரி தெரிந்தது. "தூங்கறப்ப மேல பாத்துக்கிட்டே தூங்குவோம் தம்பி" என்றார் அந்த வீட்டு அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இன்றைக்கு அப்படிப்பட்ட குடியிருப்பு எதிலும் ஒரு நடை நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு முன்னால் ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கும். கீற்றுச் சாய்ப்பு, தகரச் சாய்ப்பு, தார்ப்பாய், நாலு செங்கல் அடுக்கிச் சிமெண்ட் பூசிய திட்டு. ஜனங்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சமையல் அங்கே, வலை அங்கே, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் அங்கே, துக்கம் விசாரிக்க வந்தவர் உட்காருவது அங்கே. உள்ளே இருக்கும் 325 சதுர அடி பீரோவுக்கும் டிவிக்கும். வான் ஐக் கட்டுரை கட்டுரையாக எழுதியதை, எங்கள் ஊர்ப் பெண்கள் கீற்றையும் சவுக்குக் கம்பையும் வைத்துக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு சாய்ப்பும் ஒரு பக் ரிப்போர்ட். இருபது வருடமாக அங்கேயே நிற்கிறது, வாசிக்கத்தான் ஆளில்லை.

* * *

இதற்கு வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'அவசரம் சார். ஜனங்கள் தார் அட்டைக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தார்கள். யோசிக்க ஏது நேரம்?' வெந்துகொண்டிருந்தது உண்மை. ஆனால் அவசரத்தில் கட்டினால் சீக்கிரம் முடிகிறது என்பது பாதிக் கணக்கு. போருக்குப் பிந்தைய நெதர்லாந்திலும் வீட்டுப் பஞ்சம்தான். அதைத் தீர்க்க ஆம்ஸ்டர்டாமின் தென்கிழக்கில் பைல்மர்மேர் என்ற பிரம்மாண்டமான அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டினார்கள். 1968இல் குடியேற்றம் தொடங்கியது. தொண்ணூறுகளில் இடிக்கத் தொடங்கி, அந்த மாடிகளில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். பணக்கார நாட்டுக்கு இரண்டு முறை கட்டத் தெம்பு உண்டு. அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் கிடையாது. ஒரே முறைதான் வாய்ப்பு என்றால் அங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும்.

தவிர, வேறு வழியும் கண்ணெதிரே இருந்தது. 2001 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளை அந்தந்தக் குடும்பங்களே கட்டிக்கொண்டன. அரசு பணத்தைத் தவணையாகக் கொடுத்தது, பூகம்பம் தாங்கும்படி கட்டியிருக்கிறார்களா என்று பொறியாளர்கள் பார்த்தார்கள். நாகப்பட்டினத்துக்கு நாலே வருடம் முன்பு, இதே நாட்டில்.

'ஜனங்களே காங்கிரீட்தானே கேட்டார்கள்?' ஆமாம், கேட்டார்கள். கேட்டது நியாயம். மெத்தை வீடு என்பது எங்கள் பக்கம் மரியாதை. கூரை வீட்டின் அழகைப் பற்றி உருகுகிறவர்கள் தயவுசெய்து இந்த வாதத்தில் என் பக்கம் சேர வேண்டாம். கூரை எரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை வைத்துக் கொளுத்தியது ஒரு குடிசையைத்தான். கூரை பறக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பார்த்தோம். கெட்டியான வீடு வேண்டும் என்று கேட்டவருக்குக் கெட்டியான வீடு கொடுக்க வேண்டும். கெட்டியான வீட்டுக்கு வாசல் இருக்கக் கூடாது, நிழல் இருக்கக் கூடாது, மரத்தை வெட்டியே ஆக வேண்டும் என்று எந்தக் காங்கிரீட் விதியிலும் எழுதியில்லை. வான் ஐக்கின் அனாதை இல்லமும் காங்கிரீட்தான்.

இன்னொரு மறுப்பை யாரும் சொல்ல மாட்டார்கள், நானே சொல்கிறேன். திண்ணை என்றதும் புல்லரிக்கிறதே, அந்தத் திண்ணை டெல்டாவில் ஒரு செக்போஸ்ட்டாகவும் இருந்தது. யார் ஏறி உட்காரலாம், யார் கீழே நிற்க வேண்டும், யார் அந்தத் தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதெல்லாம் அந்த மூன்றடி உயரத்தில் எழுதியிருந்தது. அக்ரகாரத்துத் திண்ணையையும் மிராசுதார் வீட்டுத் திண்ணையையும் அச்சில் வார்த்து எல்லா வீட்டுக்கும் ஒட்டச் சொல்லவில்லை நான். உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே இருக்கும் இடத்தை யார் ஆள்கிறாரோ அவர்தான் வீட்டை ஆள்கிறார் என்பதற்கு நம் திண்ணையே சாட்சி. அதனால்தான் அந்த இடம் அதில் வாழப்போகிறவரின் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். மிராசுதார் கையிலும் கூடாது, கான்ட்ராக்டர் கையிலும் கூடாது.

* * *

இங்கே வான் ஐக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதைப் படித்துவிட்டு, 'அப்ப நமக்கும் ஒரு வான் ஐக் வேணும்' என்று யாராவது முடிவு செய்தால் வாதமே வீணாகிவிடும்.

அறுபதுகளின் கடைசியில் பெரு நாட்டின் லிமா நகரில், வருமானம் குறைந்தவர்களுக்கு வளரும் வீடுகள் அமைக்க ஒரு பரிசோதனைத் திட்டம் நடந்தது. பெயர் ப்ரெவி. உலகின் பெரிய பெரிய கட்டிடக் கலைஞர்கள் வரைந்து கொடுத்தார்கள். வான் ஐக் அவர்களில் ஒருவர். நம் சார்லஸ் கொரியாவும் ஒருவர். முதலில் சின்னதாகக் கட்டிக் கொடுப்பது, குடும்பம் பெருகப் பெருக அவர்களே சேர்த்துக் கட்டிக்கொள்வது என்பது ஏற்பாடு. வான் ஐக் சுவர்களைச் சாய்கோணத்தில் வரைந்தார். முற்றத்தை ஜனங்கள் அடைத்துக் கட்டிவிடக் கூடாது, காற்றும் வெளிச்சமும் போய்விடும் என்ற நல்லெண்ணம். ஜனங்கள் அதைக் கேட்டார்களா? மாடி எடுத்தார்கள், கடை வைத்தார்கள், வாடகைக்கு விட்டார்கள், தேவைப்பட்ட இடத்தில் முற்றத்தையும் விழுங்கினார்கள். இன்றைக்கு அங்கே போகிறவர்களுக்கு எது எந்தப் பெரிய மனிதரின் வரைபடம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

சிலர் இதை அவருடைய தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமூகத்துக்கே ஒரு வடிவம் இல்லையென்றால் கட்டிடக் கலைஞன் எதற்கு வடிவம் கொடுப்பான் என்று கேட்டவர் அவர்தான். லிமாக்காரர்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். இதை அவருடைய நாட்டுக்காரரான ஜான் ஹப்ராகன் 1961லேயே புத்தகமாக எழுதியிருந்தார். தூண், தளம், குழாய் போன்ற பொதுவானவற்றைக் கட்டிக் கொடுங்கள், உள்ளே என்ன வேண்டும் என்பதைக் குடியிருப்பவர் தீர்மானிக்கட்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். கொரியா எண்பதுகளில் நவி மும்பையின் பேலாப்பூரில் கட்டிய வீடுகளில் இதைச் செய்து காட்டினார். ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டுக்குப் பொதுச் சுவர் கிடையாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டை போடாமல் அவரவர் வீட்டை அவரவர் நீட்டிக்கொள்ளலாம். ஏழெட்டு வீட்டுக்கு ஒரு பொது முற்றம். ஒரு கட்டிடக் கலைஞரின் அறிவு எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதற்கு இதுதான் உதாரணம். சுவரை எங்கே வைத்தால் பிற்பாடு யாருக்கு எது முடியாமல் போகும் என்று முன்கூட்டியே யோசிப்பது.

அந்த அனாதை இல்லம் என்ன ஆயிற்று தெரியுமா? பிள்ளைகள் போய்விட்டார்கள். எண்பதுகளில் இடிக்கப் பார்த்தார்கள். உலகம் முழுக்கக் கட்டிடக் கலைஞர்கள் கத்திக் காப்பாற்றினார்கள். இப்போது அதில் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. கட்டிடத்தைக் காப்பாற்றிவிடலாம், அது எதற்காகக் கட்டப்பட்டதோ அதைக் காப்பாற்றுவது வேறு வேலை என்பதற்காகச் சொல்கிறேன். போட்டோவை மட்டும் காதலிக்கும் நமக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

* * *

இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். இப்போதுதான் தேவை. 2024இல் தமிழக அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தது. 2030க்குள் கிராமப்புறங்களில் 8 லட்சம் காங்கிரீட் வீடுகள், குடிசையில்லாத் தமிழ்நாடு. வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய். குறைந்தது 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரை கட்டாயம். மீதி 60 சதுர அடிக்கு, தீப்பிடிக்காத வேறு கூரையைப் பயனாளி தன் விருப்பப்படி போட்டுக்கொள்ளலாம். வீட்டைப் பயனாளியே கட்டிக்கொள்ளலாம்.

அந்த 60 சதுர அடியைக் கவனியுங்கள். விதியில் ஒரு வரிதான். யார் எழுதியிருந்தாலும் அவருக்கு என் கும்பிடு. ஓடு போட்ட ஒரு சாய்ப்பு, அதன் கீழே ஒரு திட்டு, பக்கத்தில் வெட்டாமல் விட்ட ஒரு பூவரசு. சுனாமி வீட்டில் ஜனங்கள் தாங்களாகவே ஒட்டவைத்துக்கொண்ட அதே இடத்தை முதல் தடவையாகச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கும் என்று எனக்குப் பயமாகவும் இருக்கிறது. பில் பாஸாக வேண்டும், போட்டோ ஏற்ற வேண்டும், ஒரே மாதிரி இருந்தால்தான் சரிபார்ப்பது சுலபம். 'எதுக்கும்மா தனியா, மொத்தமா தளமா போட்டுடலாம்' என்று ஒரு மேஸ்திரி சொல்வார், ஒரு அதிகாரி தலையாட்டுவார். 60 சதுர அடி, 300க்குள் கரைந்துபோகும். கரையாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைய வேலை.

அதற்கு நோபல் பரிசு பெற்ற மூளை தேவையில்லை. நிலத்தைச் சமன் செய்ய வண்டி வரும் முன் மரங்களை எண்ணிக் குறியுங்கள். காகிதத்தில் கையெழுத்து வாங்கும் முன் மனையிலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்த வீட்டுப் பெண்ணை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுப்பு எங்கே, வலை எங்கே, பகலில் தூங்குகிறவர் எங்கே என்று கேளுங்கள். பொறியாளர் அஸ்திவாரத்தையும் உப்புக்குத் தாங்கும் கலவையையும் புயலுக்குத் தாங்கும் கூரையையும் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு அதுவே பெரிய வேலை.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு கவிதைத் தொகுப்புக்கு மூன்று பேர் மதிப்புரை எழுதுகிற சூழல் நம்முடையது. 8 லட்சம் வீடுகள் எழும்பப்போகின்றன, ஒன்றுக்காவது மதிப்புரை எழுதுங்கள். உள்ளே போங்கள், மத்தியானம் போங்கள், அந்தக் கூரைக்குக் கீழே அரை மணி நேரம் உட்காருங்கள். வெளியே வரும்போது கல்வெட்டைப் படியுங்கள். அடிக்கல் நாட்டியவர், திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர் என்று எல்லார் பெயரும் இருக்கும். வரைந்தவர் பெயர் மட்டும் இருக்காது. ஆம்ஸ்டர்டாமின் அனாதை இல்லத்தைப் பற்றி அறுபது வருடமாகத் திட்டியும் பாராட்டியும் எழுத முடிகிறதென்றால், அதற்குக் கீழே ஒரு ஆள் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்கள் ஊரில் கம்பி தெரியும் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் அந்த அக்கா யாரிடம் போய்க் கேட்பார்? கல்வெட்டில் இன்னும் ஒரு வரி செதுக்கச் சொல்லுங்கள். வடிவமைப்பு: இன்னார். கேள்வி கேட்க ஒரு பெயராவது கிடைக்கட்டும்.